எவரும் காணாத ஓரடி

கோல்ப் ஆட்டத்தில் குறைந்த அடிகளில் பந்தைக் குழியிற் சேர்ப்பவரே வெல்வர். அவ்வாட்டத்தில் புகழ்பெற்றவராக நாம் நினைவுகூரும் பாபி ஜோன்ஸ், 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பிறந்தவர், வழக்கறிஞர், மூன்று மக்களுக்குத் தந்தை. போட்டிகளில் பரிசுப் பணம் பெறாமலே ஆடினார்.

1925-இல் அமெரிக்கத் திறந்த போட்டியில், அடிக்குமுன் பந்து சிறிதே அசைந்ததை அவர் மட்டுமே கண்டார். நடுவர்கள் முடிவை அவரிடமே விட்டனர். அவரோ தம் கணக்கில் ஓரடியைக் கூட்டிக்கொண்டார். அது இல்லையேல் பட்டம் அவரதே. ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் தோற்றார்.

1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றபின், 28 வயதிலேயே ஓய்வு பெற்று, இல்லத்துக்கும் சட்டத் தொழிலுக்கும் திரும்பினார். பின்னாளில் தண்டுவட நோய் நடையை முடக்கியபோதும், 1971-இல் மறையும்வரை பொறுமை இழந்தாரல்லர்.

அவர் வென்ற பட்டங்களை மறப்பினும், தாமே சுமந்த அவ்வோரடியை நம் மக்களுக்குச் சொல்லி வைப்போமாக.