அடியில் உள்ள பெயர் யாருடையது?

பழந்தமிழில் ‘பார்வை’ என்னும் சொல்லுக்குக் காண்டல் என்பதோடு மற்றொரு பொருளும் உண்டு. காட்டு விலங்குகளையும் பறவைகளையும் ஏமாற்றி அருகே வரவழைப்பதற்காக வேட்டுவர் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்றே பெயர். சங்க நூல்களைக் கற்றோர் இதனை அறிவர். கூண்டில் அடைத்த கவுதாரியின் குரலைக் கொண்டு பிற கவுதாரிகளை அழைத்துப் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டுப்புறங்களில் நெடுங்காலம் இருந்து வந்தது.

இதே உத்தியை மரத்தால் செய்தவர்கள் வட அமெரிக்கர்கள். வாத்தின் உருவை மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கவிழாதிருக்க அடியில் ஈயம் பதித்து, கயிற்றில் கட்டி நீரில் மிதக்க விடுவர். வானில் செல்லும் கூட்டம் தன்னினம் அச்சமின்றி மேய்வதாக எண்ணிக் கீழிறங்கும். நாணல் மறைவில் துப்பாக்கியோடு காத்திருப்பவன் சுடுவான். நகரச் சந்தைகளுக்கு வாத்திறைச்சி அனுப்புவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலருக்குப் பிழைப்பாயிருந்தது. பறவையினம் அருகிப் போகவே, 1918 ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அச்சந்தைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உயிருள்ள பறவையைப் பார்வையாக வைப்பதும் 1935 இல் அங்கே தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. இன்று நம் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வரும் ஊசிவால் வாத்து அச்சமின்றி இறங்கலாம். அமெரிக்கச் செதுக்குநர்கள் மிகுதியும் விரும்பிச் செய்த உருவங்களுள் அந்த ஊசிவால் வாத்தும் ஒன்று.

உயிருள்ளவற்றின் உருவம் செய்வது பற்றி மார்க்கச் சட்ட நூல்களில் விரிவான பேச்சு உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது. ஒரு கைவேலையைச் செய்தவர் யார் என்று அறியும் வழியைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

வேட்டை குறைந்தபின் மரவாத்துகள் கொட்டகைகளில் கேட்பாரற்றுக் கிடந்தன. ஜோயல் பார்பர் என்னும் கட்டடக் கலைஞர் 1918 முதல் அவற்றைத் தேடிச் சேர்த்து, 1934 இல் அவை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் அறிஞரும் செல்வரும் அவற்றைத் தேடலாயினர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிழக்கு ஹார்விச் ஊரினரான எல்மர் குரோவெல் (1862–1952) செதுக்கிய இரு பறவைகள் 2007 இல் ஒவ்வொன்றும் 11 இலட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு விலை போயின. அவற்றுள் ஒன்று ஊசிவால் வாத்து. ஒரு காலத்தில் சில்லறைக் காசுக்கு விற்ற கருவி இது. செய்தவர் பெயர் உறுதியானால் ஒரு விலை, உறுதியாகாவிடில் வேறு விலை என்ற நிலை வந்துவிடவே, ‘செய்தவர் யார்?’ என்னும் கேள்வி பெரிய ஆராய்ச்சியாயிற்று.

பெயர் இருந்தும் பயனில்லை

பறவையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் பெயரோ முதலெழுத்துகளோ இருக்கும். அவ்வளவில் கேள்வி தீர்ந்தது என்று புதியவர் எண்ணுவார். ஆனால் அப்பெயர் பெரும்பாலும் செய்தவருடையதன்று. வேட்டைக்காரர்கள் தத்தம் வாத்துகள் பிறருடையவற்றோடு கலந்துவிடாதிருக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தங்கள் பெயரையோ தங்கள் சங்கத்தின் பெயரையோ சூடு போட்டனர். வாங்கியவன் பெயர் இவ்வாறு ஆழப் பதிந்து நிலைத்தது. செதுக்கியவன் பெயர் எங்குமில்லை. புகழ்பெற்ற குரோவெலே தம் முற்காலப் பறவைகளில் முத்திரை இட்டவரல்லர். நீள்வட்ட முத்திரை பின்னர் வந்தது. வர்ஜீனியாவின் கோப் தீவில் நேதன் கோப் என்பவரின் பறவைகளில் உளியால் அழகுறச் செதுக்கிய ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தைக் காணலாம். அது அவர் குடும்பத்தார் வைத்துக்கொண்ட அடையாளம். ஆகவே எழுத்தைக் கண்டவுடன் முடிவு கட்ட இயலாது. அது உடையவன் எழுத்தா, செய்தவன் எழுத்தா, இருவரும் ஒருவரே தானா என்று ஆராய வேண்டும்.

ஸனதும் மத்னும்

இவ்வாராய்ச்சியின் முறையை அறியும்போது மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்றவர்க்குப் பழகிய பாதையில் நடப்பது போலிருக்கும். ஒரு ஹதீஸில் அறிவிப்பாளர் தொடராகிய ஸனதும் உண்டு, செய்தியாகிய மத்னும் உண்டு. யார் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்தவர்களா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவர்களா என்று முதலாவதை நிறுப்பர். செய்தி தன்னளவில் பொருந்துகிறதா, இதனினும் வலுவான செய்திக்கு முரணாகிறதா என்று இரண்டாவதைச் சோதிப்பர். ஒன்று சரியானால் மற்றதை விட்டுவிடுவதில்லை.

மரவாத்தின் ஸனது அது கைமாறி வந்த வரலாறு. இன்ன ஊரில் இன்ன குளக்கரை வேட்டைச் சங்கத்தில் இருந்தது, அச்சங்கத்தார் இன்னாரிடம் வாங்கினர், அவர் பேரன் விற்றான் என்பது ஒரு தொடர். இடையில் ஒருவர் விடுபட்டால் தொடர் பலவீனமாகும். விற்று இலாபம் பெற இருப்பவரின் சொல்லைத் தனிச் சான்றாகக் கொள்ளலாகாது. இது ரிஜால் கலை கற்றவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்ன் என்பது பறவையே. முதலில் மரத்தைப் பார்ப்பர். அட்லாண்டிக் கரையில் தேவதாரு இனத்து மரமும், தெற்கே லூயிசியானாவில் சதுப்புநிலச் சைப்ரஸ் மரமும் வழங்கின. அடுத்து உடலின் கட்டு. நியூ ஜெர்சியின் பார்னகட் விரிகுடாக்காரர்கள் இரு பாதிகளைக் குடைந்து உள்ளீடற்றதாக்கி ஒட்டி, ஈயத்தை அடிமட்டத்தோடு சமமாகப் பதித்தனர். மேரிலாந்தினர் பெரும்பாலும் முழுக் கட்டையிலேயே செய்தனர். இவ்வாறு முதலில் வட்டாரம் புலப்படும், அடுத்துப் பட்டறை, கடைசியில் கை. கோப் தீவினர் மரவேர், கிளை ஆகியவற்றின் இயற்கை வளைவையே கழுத்தாக்கினர். குரோவெல் தலையின் பின்புறத்திலும் மார்பிலும் அரத்தின் தடத்தை அழிக்காமல் இறகுபோல் விட்டார். கண் கண்ணாடியா, ஆணித்தலையா, வெறும் வண்ணமா, அலகு தலையோடு சேருமிடம் எப்படிச் செதுக்கப்பட்டுள்ளது, ஈரவண்ணத்தில் சீப்பு இழுத்த கோடு உண்டா என்று பார்த்துக்கொண்டே போவர். உள்ளிருக்கும் ஆணிகளையும் இணைப்பையும் காண எக்ஸ்ரே படமும் எடுப்பதுண்டு.

இதிலும் இடறுகுழிகள் உள்ளன. வேட்டைக்காரர் ஆண்டுதோறும் மங்கிய வாத்துக்கு மேல்பூச்சு இடுவர். அப்போது மரம் ஒருவருடையது, நாம் காணும் வண்ணம் மற்றொருவருடையது. முதலிலேயே இரு கைகள் சேர்ந்ததும் உண்டு. இல்லினாய் மாநிலத்துச் சார்லஸ் பெர்டியூ (1874–1963) செதுக்கிய பறவைகள் பலவற்றுக்கு வண்ணம் தீட்டியவர் அவர் மனைவி எட்னா. பறவை கணவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அதனைக் கண்டதும் உயிருள்ளதென்று மயங்கச் செய்வதில் பாதி அம்மையாரின் தூரிகை. டெட்ராய்ட் நகரில் 1896 முதல் 1924 வரை இயங்கிய மேசன் ஆலையின் வாத்துகளுக்கோ ஆலையின் பெயர் உண்டு, அங்கே வேலை செய்தோரின் பெயரில்லை.

தாமே எழுதிய தொடர்

இதற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டு நம் இந்திய முஸ்லிம்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. முகலாயர் காலத்து லாகூரில் வானியல் கருவியாகிய அஸ்தர்லாப் செய்த குடும்பம் ஒன்று நான்கு தலைமுறை விளங்கியது. மூத்தவரான உஸ்தாத் அல்லாஹ்தாதின் பெயர் பொறித்து ஹிஜ்ரி 975 (கி.பி. 1567) இல் செய்த அஸ்தர்லாப் ஹைதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவர் மகன் ஈஸா, அவர் மகன் காயிம் முஹம்மது, அவர் மகன் ளியாவுத்தீன் முஹம்மது. ளியாவுத்தீன் தம் கருவிகளில் தம் பெயரை மட்டும் பொறிக்கவில்லை. தந்தை, பாட்டன், முப்பாட்டன் என முழுத் தொடரையும் பித்தளையில் வெட்டினார். அரபியில் ‘அமல்’ என்று தொடங்கி, ‘இன்னாரின் கைவேலை’ என்று முடியும் அவ்வரி ஓர் ஸனதுதான். அதனால் இன்றைய ஆராய்ச்சியாளர் அக்குடும்பத்தின் வரலாற்றையே எழுத முடிகிறது. கற்றவருக்கும் மன்னருக்கும் செய்த கருவி அது. குளத்தில் மிதக்கும் வாத்துக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை.

கோரையும் நம் ஊரும்

அமெரிக்காவின் மிகப் பழைய பார்வை வாத்துகள் மரத்தாலானவையல்ல. நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் 1924 இல் 11 வாத்துருவங்கள் கிடைத்தன. பழங்குடியினர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் நீர்ப்புல்லை மடித்துக் கட்டிச் செய்தவை அவை. அந்த நீர்ப்புல் நம் கோரையின் இனத்தைச் சேர்ந்தது. கோரை என்றதும் தென்காசிச் சீமையார் நினைவுக்கு வருவது சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடை. அங்கே லெப்பைக் குடும்பத்தார் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி, பாவு நூலில் பட்டுப்போல் நெய்யும் பாய் உலகப் புகழ் பெற்றது. 1953 இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கும் ஒரு பாய் அனுப்பப்பட்டது.

கலியாணப் பாயில் பெயர் நெய்வது அவ்வூர் வழக்கம். மணமகன் பெயரும் மணமகள் பெயரும் நாளும் வண்ணக் கோரையில் தெளிவாக விழும். இரவும் பகலும் தறியருகே குனிந்திருந்த பெண்மணியின் பெயர் அதில் இல்லை. இருநூறு ஆண்டு கழித்து ஒருவர் அப்பாயை விரித்துப் பார்த்தால், சூடுபோட்ட வாத்தைப் பார்ப்பவரின் நிலைதான். எழுத்து இருக்கும்; அது உடையவரின் எழுத்து.

பாய் ஒன்றன் கதை மட்டுமன்று இது. தென்காசிக் கோபுரத்தை எழுப்பியவர் யாரென்றால் பராக்கிரம பாண்டியன் என்போம். கல் தச்சரைச் சொல்வதில்லை. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்கள் நெசவுத் தொழில் செய்தவர்கள். அவர்கள் பாடிய ஞானப்பாடல்கள் அவர்கள் பெயரால் இன்றும் ஓதப்படுகின்றன. அவர்கள் நெய்த துணிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாடலுக்கு மனனம் செய்தோரும் படியெடுத்தோரும் இருந்தனர், துணிக்கு இல்லை. கடையநல்லூர்த் தறிகளில் உழைத்த கைகளுக்கும் இது பொருந்தும்.

பொருள் அழிந்தாலும் ஸனது நிற்கலாம். ஆனால் ஸனது அறுந்தால் பொருள் நின்றும் பேசாது. அயல் நாட்டார் ஒரு மரவாத்தின் கழுத்தில் உள்ள அரத்தடத்தை உருப்பெருக்கியில் பார்த்துத் தேடுவது, எழுதாமல் விட்ட ஒரு வரியைத்தான். அவர்கள் தொடங்கியபோது செதுக்கியவர்களில் பலர் இறந்திருந்தனர். நமக்கு அவ்வளவு காலம் கடந்துவிடவில்லை. நம் வீட்டுப் பரணில் உள்ள பாய், பாட்டியின் பின்னல் கூடை, பள்ளிவாசலின் செதுக்குக் கதவு, முன்னோர் படியெடுத்த அரபுத்தமிழ்க் கித்தாபு ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தாளில் நான்கு செய்திகளை எழுதி வைக்கலாம். செய்தவர் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, இதனைச் சொன்னவர் யார் என்பவை அவை. நான்காவதை மறக்கலாகாது, அதுவே ஸனது. இனி நெய்யச் சொல்லும் கலியாணப் பாயின் ஓரத்தில் மணமக்கள் பெயரோடு நெய்தவர் பெயரையும் சேர்க்கும்படி கேட்டால், அதற்கு ஒரு விரல் அகலக் கோரைக்கு மேல் செலவாகாது.