குறுக்குத் தையல் எழுத்து வடிவமைப்பு

பெயர், முதலெழுத்து, வாசகம் ஆகியவற்றைக் குறுக்குத் தையலில் (கிராஸ் ஸ்டிச்) தைப்பதற்கான படத்தைக் கட்டத்தாளில் கையால் வரையும் கலை. தாளில் ஒரு கட்டம், துணியில் ஒரு பெருக்கற்குறித் தையல்.

வரலாறு

அச்சிட்ட தையல் மாதிரிப் புத்தகங்கள் 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெளிவந்தன. ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598இல் தைத்த துணி, ஆண்டு பொறித்த ஆங்கில மாதிரித் துணிகளில் மிகப் பழையது. அகரவரிசையும் தைக்கப்பட்ட அத்துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் வீட்டுத் துணிகளில் அடையாள எழுத்துத் தைக்கச் சிறுமியருக்கு இக்கலை கற்பிக்கப்பட்டது. தமிழகத்தில் மிஷன் பள்ளிகளின் தையல் வகுப்புகள் இவ்வகை ஊசி வேலைகளைப் பரப்பின.

சேலம், நாமக்கல் பகுதியில் கட்டத்தாள் அறிவு தறியோடு வளர்ந்தது. தறியில் டிசைன் நெய்ய உதவும், பிரான்சில் 1804இல் உருவான ஜக்கார்டு பொறிக்கு முதலில் டிசைனைக் கட்டத்தாளில் வரைந்து, அதன்படி அட்டையில் துளையிடுவர். எந்தெந்தப் பாவு நூல் உயர வேண்டும் என்பதை அத்துளைகளே தீர்மானிக்கின்றன. சேலத்தில் 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நெசவுக் கல்வியை முறைப்படுத்தியது. தறிக்கு டிசைன் வரைபவரும் ஊசிக்குப் படம் வரைபவரும் செய்வது ஒரே கணக்குதான்.

தமிழ் எழுத்தின் தேவைகள்

ட, ப, ம ஆகியவை பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எழுத்துகள். கட்டத்தில் எளிதாக அமையும். இ, ஞ, ழ போன்றவற்றுக்கு இடம் கூடுதலாக வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு கட்டமாவது காலியாக விடாவிட்டால் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் குழம்பிவிடும். புள்ளிக்கும் இகர, ஈகாரக் குறிகளுக்கும் மேலே, உகரக் குறிகளுக்குக் கீழே என வரிசைகளை முன்பே ஒதுக்க வேண்டும். ஈரோட்டுப் பெரியார் 1930களில் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தனி வடிவங்கள் வழக்கொழிந்தன. அதனால் ஐகாரக் குறியை ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்களுக்கும் பொருந்தும்.

அளவு

அங்குலத்துக்கு 14 தையல் கொள்ளும் துணியில் 70 கட்ட அகலப் பெயர் 5 அங்குலம் வரும். நடுக்கட்டத்தைக் குறித்து, துணியின் நடுவிலிருந்து தைக்கத் தொடங்குவதே பாதுகாப்பு. ஆயத்தப் படங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கே கிடைக்கின்றன. ஆகவே தமிழில் தைப்போர் தாம் வரைந்த ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கட்ட நோட்டில் சேர்த்து வைக்க வேண்டும். அடுத்துத் தைப்பவருக்கு அது பாடநூலாகும்.