கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி, சென்னை மாகாணத்தின் தென்பகுதியில் ரயில் ஓட்டுவதற்காக 1850களில் இங்கிலாந்தில் உருவான தனியார் நிறுவனம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, கரூர் வழியாக ஈரோடு வரை இருப்புப்பாதை அமைத்தது இதுவே. 1874இல் இன்னொரு கம்பெனியுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று.

இதன் பாதை சென்னையைத் தொடவே இல்லை. காவிரிப் படுகையின் விளைச்சலுக்கு இயல்பான வாசல் நாகப்பட்டினம் துறைமுகம் என்பதால் வேலை அங்கிருந்து தொடங்கியது. 1861இல் தஞ்சாவூர் வரையும், 1862இல் திருச்சிராப்பள்ளி வரையும் வண்டிகள் ஓடின. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குத் தூரம் சுமார் 80 மைல். அதே பத்தாண்டின் இறுதிக்குள் பாதை காவிரிக் கரையோரமாகவே ஈரோட்டை அடைந்து, சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் சென்ற மெட்ராஸ் ரயில்வேயின் தடத்தோடு சேர்ந்தது. கிழக்குக் கடற்கரைத் துறைமுகம் ஒன்று மேற்குக் கடற்கரையுடன் ரயிலால் இணைந்தது இக்கம்பெனியின் மிகப் பெரிய சாதனை.

அக்காலத்து மற்ற பெரிய ரயில் கம்பெனிகளைப் போல இதுவும் அரசின் வட்டி உத்தரவாதத்தில் இயங்கியது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் உறுதி. வருமானம் குறைந்தால் பற்றாக்குறையை இந்திய அரசின் கருவூலம் ஈடுசெய்யும். நிலமும் இலவசம். லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு, நட்டம் இங்கே வரி கட்டிய குடியானவர்களுக்கு என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள். செலவைச் சுருக்க வேண்டிய அக்கறை கம்பெனிக்கு இருக்கவில்லை.

இக்கம்பெனி இட்டது போன்ற ஐந்தரை அடி அகலப்பாதை செலவு மிகுந்தது என்று கருதிய அரசு, 1870இல் அதைவிடக் குறுகலான மீட்டர் பாதைக்கு ஒப்புதல் அளித்தது. 1874இல் இதனுடன் இணைந்த கர்நாடிக் ரயில்வேயிடம் இருந்ததோ அரக்கோணம்–காஞ்சிபுரம் இடையே 1865இல் திறக்கப்பட்ட, மூன்றரை அடி அகலமுள்ள சிறு தடம் மட்டுமே. இரண்டு கம்பெனிகளின் தடங்களும் அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டன. பதினைந்தே ஆண்டுகளுக்கு முன் பெரும்பொருள் செலவிட்டு இட்ட அகலப்பாதையைக் குறுக்கியது தொலைநோக்கற்ற முடிவு. திருச்சிராப்பள்ளி–ஈரோடு பகுதி 1929இல் மீண்டும் அகலப்பாதையானது. தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது.

நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை, 1920களின் இறுதியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்படும் வரை இயங்கியது. தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயின் பகுதியாயிற்று.