பரத்பூர் எருமைகளும் ஒரு சட்டப் பிரிவும்

இராஜஸ்தானத்தின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள், பூங்காவுக்குப் பெயர் தந்த சிவன் கோயிலை ஒட்டிச் சில கல்வெட்டுகள் நிற்கின்றன. எந்த நாளில் எந்தப் பெருமகன் வந்தார், எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்ற கணக்கு அவற்றில் உண்டு. 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் குழு 4,273 பறவைகளைச் சுட்டது. பூங்காவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்தே தொடங்குவர், நானும் விலக்கல்லன். அரசர்களின் வேட்டைக்களம் பறவைகளின் புகலிடமாக மாறியது என்று அந்தக் கதை இனிதே முடியும். அதில் எருமைகளுக்கு இடம் இருப்பதில்லை.

இவ்விடம் ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தாழ்நிலம். 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ் மல் கட்டுவித்த அஜான் அணையிலிருந்து நீர் பெற்று, பின்னர் வாத்து வேட்டைக்காகவே மதகுகளும் கரைகளும் அமைத்துச் செப்பனிடப்பட்டது. ஆகவே ‘இயற்கையான சதுப்புநிலம்’ என்ற தொடரைக் கேவலாதேவுக்குச் சற்றுத் தயங்கியே பயன்படுத்த வேண்டும். உள்ளூர் மக்களுக்கு இது ‘கனா’, அதாவது அடர்ந்த காடு. (தமிழில் எழுதும்போது அச்சொல் கனவாகிவிடுவது தற்செயல்தான்.) சுற்றுக் கிராமத்தார் இங்கே மாடு மேய்த்தனர், புல் அறுத்தனர், வெட்டிவேர் தோண்டினர். வேட்டைக் காலத்திலும் அதன் பின்னரும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. மேய்ச்சலுக்கு வந்த எருமைகளும் மாடுகளும் ஏறத்தாழ 2,500 என்பர்.

1956இல் இது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 1981 அக்டோபரில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1982 மார்ச்சில் தேசியப் பூங்கா ஆயிற்று. செய்தித்தாள் வாசகருக்குச் ‘சரணாலயம்’, ‘தேசியப் பூங்கா’ என்னும் இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியன்று. சரணாலயத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளர் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ செய்யலாம் என்கிறது பிரிவு 33. தேசியப் பூங்காவிலோ மேய்ச்சலுக்கு அனுமதியே இல்லை என்கிறது பிரிவு 35(7). அனுமதி பெற்றவர் ஏறிச் செல்லும் வாகனமாகப் பயன்படும் விலங்குக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறியதும் எருமை குற்றப்பொருளாயிற்று. 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தபோது கிராமத்தார் எதிர்த்துத் திரண்டனர், காவல்துறை சுட்டது, பலர் மாண்டனர். இறந்தோர் எத்தனை பேர் என்பதில் நூலுக்கு நூல் எண் வேறுபடுகிறது. பறவைகளின் எண்ணிக்கையைக் கல்லில் பொறித்துக் காத்த இடத்தில் இந்த எண் மட்டும் ஒரு நிலைக்கு வரவில்லை.

மக்களைக் கேட்பதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா என்று ஒருவர் வினவலாம். உண்டு. பூங்கா அமைக்கும் எண்ணத்தை அரசு அறிவித்த பின், மாவட்ட ஆட்சியர் அவ்வெல்லைக்கு உட்பட்டும் அதன் அருகிலும் உள்ள ஒவ்வோர் ஊரிலும் வட்டார மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை உடையோர் இரண்டு மாதத்துக்குள் உரிய படிவத்தில் எழுத்து மூலம் அதனைக் கோர வேண்டும். இது பிரிவு 21. முன்மாதிரி 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், பிரிவு 6. காலனிய அரசு மூன்று மாதத்துக்குக் குறையாமல் கொடுத்தது. குடியரசு இரண்டாகச் சுருக்கிக்கொண்டது.

மொழியியல் மாணவனாக என்னை நிறுத்துவது வேறொன்று. இச்சட்டம் கிராமத்தாருக்கு அனுமதிக்கும் பேச்சுச்செயல் ஒன்றே: கோருதல். ‘இந்த நிலத்தில் எனக்கு இன்ன உரிமை உண்டு’ என்ற வாக்கியத்தை அவர் எழுதலாம். ஆட்சியர் அதை ஏற்பார் அல்லது தள்ளுவார். ‘எருமையை நிறுத்தினால் நீரில் புல் மண்டும்’ என்ற வாக்கியத்தை எழுத அங்கே கட்டம் கிடையாது. அது உரிமைக் கோரிக்கை அன்று. இழப்பீட்டால் தீர்க்கக்கூடியதும் அன்று. ஒரு செய்தி, ஒரு முன்கணிப்பு. வீட்டில் பிரஜ் பேசி, பள்ளி வாசலை மிதிக்காத ஒரு மேய்ப்பர் அதை எந்த இந்திப் படிவத்தில் நிரப்புவார்? பிரகடனத்தின் மொழியைப் பற்றிக் கவலைப்பட்ட சட்டம், மறுமொழி எந்த மொழியில், எந்த வடிவில் வரக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த முன்கணிப்பு பலித்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுகள் இங்கே நீர்நிலைச் சூழலை ஆராய்ந்தது, வி. எஸ். விஜயன் தலைமையிலான அக்குழுவின் அறிக்கை 1991இல் வந்தது. மேய்ச்சல் தடையைப் பறவையியலாளர்கள் ஆதரித்திருந்தனர் என்பதை நினைவில் வைத்து அதைப் படிக்க வேண்டும். எருமை நீருக்குள் இறங்கி மேயும் விலங்கு. பாஸ்பாலம் டிஸ்டிகம் என்னும் நீர்ப்புல்லை அது தின்றும் மிதித்தும் கட்டுக்குள் வைத்திருந்தது. எருமை போனதும் புல் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு நீந்தவும் இரை தேடவும் திறந்த நீர் வேண்டும். அவற்றின் வரத்துக் குறைந்தது. மடிந்த புல் தங்கி நீர்நிலையை மேலும் ஆழமற்றதாக்கியது. இயந்திரம் கொண்டு புல்லை வழித்துப் பார்த்தனர். எருமை இலவசமாகச் செய்த பணி அது. எருமை இச்சூழலின் ஓர் உறுப்பு என்றும், அதனை மீண்டும் அனுமதிக்கலாம் என்றும் அறிக்கை முடிவுரைத்தது. ஒரு நிறுவனம் தன் சார்பினருடைய நிலைப்பாட்டுக்கு எதிரான முடிவைத் தன் ஆய்விலேயே கண்டு, அதை மறைக்காமல் எழுதியது. நம் அறிவுத்துறையில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

வெட்டிவேரின் கதை இவ்வளவு தெளிவானதன்று. எனினும் எனக்கு அதுவே மேலும் பிடித்தது. (ஆங்கிலம் இன்று வழங்கும் பெயர் நம் ‘வெட்டிவேர்’ தான், இந்தியில் அது ‘கஸ்’.) 1990களின் நடுவில் உலக இயற்கை நிதியத்தின் சார்பில் மைக்கேல் பிம்பர்ட், பிக்ஷம் குஜ்ஜா ஆகியோர் சுற்றுக் கிராமங்களில் மக்கள் பங்கேற்பு ஆய்வு நடத்தினர். சைபீரியக் கொக்கு ஏன் குறைகிறது என்பதற்குக் கிராமத்தார் ஒரு விளக்கம் சொன்னார்கள்: வெட்டிவேர் தோண்டுவதும் மாடுகளின் குளம்பும் மண்ணை இளக்கி வைத்திருந்தன, இரண்டும் நின்றபின் மண் இறுகிற்று, கொக்கால் கிழங்கைத் தோண்டியெடுக்க முடியவில்லை. இக்கொக்கு கோரைக் கிழங்குகளைத் தின்பது என்பது அறிவியலும் ஒப்பும் செய்தி. ஆயினும் இவ்விளக்கத்தை முழுமையாக ஏற்க இயலாது. 1960களின் நடுவில் இருநூறு அளவில் வந்த கொக்குகள் 1982க்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிட்டன. வலசைப் பாதையில் நடந்த வேட்டையும் ஒரு காரணம். 2002க்குப் பிறகு அவை இங்கே வரவில்லை. ஆகவே சோதிக்கவேண்டிய ஒரு கருதுகோளாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருந்தால், சோதித்துப் பார்க்கக் கொக்குகள் இருந்திருக்கும்.

மக்கள் சொல்வதெல்லாம் பூங்காவுக்கு நன்மை என்று கருதுவதும் பிழை. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை வந்தபின் அஜானுக்கு நீர் குறைந்தது. ஆண்டுக்கு 550 மில்லியன் கன அடி நீர் வேண்டிய இடம் வறண்டது. 2004இல் நீர் திறக்கும் பேச்சு எழுந்தபோது மேல்மடை உழவர் எதிர்த்தனர். அவர்களும் பொதுமக்களே, அவர்களது பயிரும் உண்மையே. பரத்பூரைச் சுற்றியுள்ள ஊர்களை மட்டும் கூட்டிக் கருத்துக் கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் புலப்பட்டிராது. இறுதியில் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பலிலிருந்தும் நீர் கொணரும் வழிகள் தேடப்பட்டன.

பின்னாளில் உறவு சற்று இளகிற்று. புல் அறுத்துச் செல்லக் கிராமத்தாருக்கு அனுமதி கிடைத்தது. சீமைக்கருவேலம் பூங்காவைக் கவ்வியபோது, அதை வேரோடு பிடுங்கி விறகை எடுத்துக்கொள்ளும்படி அழைத்தனர். மக்கள் வந்தார்கள், மரம் குறைந்தது. அறிக்கைகளில் இதற்குப் ‘பங்கேற்பு’ என்று பெயர். கைகளின் பங்கேற்பு என்று சொன்னால் பொருந்தும். எந்தச் செடியை, எந்தப் பருவத்தில், எவ்வளவு அகற்றுவது என்ற தீர்மானம் வேறிடத்தில் நடந்தது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் சரணாலய மேலாண்மைத் திட்டங்களுக்கு, பட்டியல் பகுதிகளிலும் வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களிலும், கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. ‘கோருதல்’ இருந்த இடத்தருகே ‘ஆலோசித்தல்’ வந்து நிற்கிறது. ஆய்வாளர்கள் கூர்ந்து பின்தொடரவேண்டிய சொல் இது. கேவலாதேவைப் பொறுத்தவரை, 1991இன் அறிக்கை நூலகங்களில் இருக்கிறது; பிரிவு 35(7) சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. இரண்டில் எது எருமைக்குப் பொருந்தும் என்பதில் பரத்பூர் வனக் காவலர் ஒருவருக்கும் ஐயம் வர வாய்ப்பில்லை.