கணினிக் குறுக்கீடு

கணினிக் குறுக்கீடு என்பது, ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்திவைத்து, உடனே கவனிக்க வேண்டிய வேறொரு வேலைக்குச் செயலியைத் திருப்பும் சமிக்ஞை. ‘இன்டரப்ட்’ என்றும் வழங்கும். இரண்டு பேர் பேசும்போது மூன்றாமவர் குறுக்கிட்டால் பேச்சு திசைமாறலாம், விட்ட இடம் மறந்தும் போகலாம். கணினியில் அதற்கு இடமில்லை. நிறுத்தப்பட்ட நிரல், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதற்கு உறுதியளிப்பது எப்படி என்ற கேள்வியே இதன் வரலாற்றை நடத்தியிருக்கிறது.

செயல்படும் விதம்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ஒரு விசையை அழுத்தினால், விசைப்பலகையின் சமிக்ஞை முதலில் 8259 என்ற சில்லுக்குச் செல்லும். எட்டுக் குறுக்கீட்டுத் தடங்களுக்கு முன்னுரிமை வகுத்துச் செயலிக்குச் சொல்வது அதன் வேலை. செயலி கையிலிருக்கும் கட்டளையை முடிக்கும். அடுத்த கட்டளையின் முகவரியையும் தன் நிலைக்குறிகளையும் அடுக்கு நினைவகத்தில் சேமிக்கும். பிறகு விசைப்பலகைக்குரிய 9ஆம் குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரலான கையாளி எங்கே இருக்கிறது என்று அட்டவணையில் பார்த்து அங்கே தாவும். கையாளி, விசையின் குறியீட்டைப் படித்து இடைச்சேமிப்பில் வைத்துவிட்டுத் திரும்பும். அந்தச் சேமிப்பில் 15 விசைகளுக்கே இடம்; நிரம்பிவிட்டால் கணினி ‘பீப்’ என ஒலிக்கும்.

தோற்றம்

தொடக்ககாலக் கணினிகளில், அச்சுப்பொறியோ நாடாவோ வேலையை முடித்துவிட்டதா என்று நிரலே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. மின்னணுச் சுற்றுகளின் வேகத்துக்கு முன் இக்கருவிகள் மிக மெதுவானவை என்பதால் கணினி நேரத்தின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது.

1951இல் பயன்பாட்டுக்கு வந்த யூனிவாக் 1இல், கணக்கின் விடை கொள்ளளவை மீறினால் செயலி தானாகவே திருத்தக் கட்டளைகளுக்குத் தாவியது. இது நிரலின் உள்ளிருந்து எழுந்த குறுக்கீடு. வெளிக்கருவிகள் குறுக்கிடும் வசதி, அமெரிக்கத் தரநிலைச் செயலகம் 1954இல் முடித்த டைசியாக் கணினியில் அமைந்தது. 1956இல் யூனிவாக் 1103ஏ இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிளீவ்லாந்தின் விமான ஆய்வுக்கூடத்தில், காற்றுச்சுரங்க அளவீடுகள் வரும் நேரத்தில் மட்டும் அவற்றை வாங்கிக்கொண்டு, மற்ற நேரத்தில் வேறு கணக்குகளைச் செய்ய அது உதவியது.

டைக்ஸ்ட்ராவின் அச்சம்

நெதர்லாந்தில் எக்ஸ்1 கணினியை வடிவமைத்த லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் அதில் குறுக்கீட்டைச் சேர்க்க முன்வந்தபோது, அதற்கு நிரல் எழுத வேண்டியிருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தயங்கினார். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருமுறை தோன்றிய பிழை, அதே நிரலை மறுபடி ஓட்டினால் தோன்றாமலே போகலாம். சோதித்துச் சோதித்துப் பிழை களையும் வழக்கமான முறை இங்கே பயன்படாது; சரியென்பதைத் தர்க்கத்தால்தான் நிறுவ வேண்டும். இறுதியில் இந்தக் குறுக்கீட்டுக் கையாளியே அவருடைய 1959ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வின் பொருளாயிற்று. இணையாக ஓடும் நிரல்கள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாமல் ஒத்துழைக்க அவர் பின்னர் வகுத்த ‘செமஃபோர்’ முறையும் இந்தச் சிக்கலிலிருந்து வளர்ந்ததே.

பரவல்

1961இல் எம்ஐடியில் ஃபெர்னான்டோ கோர்பட்டோ குழு செய்துகாட்டிய சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளம், கடிகாரக் குறுக்கீட்டின் துணையோடு ஒரே கணினியைப் பலருக்குப் பகிர்ந்தளித்தது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 குறுக்கீடுகளை ஐந்து வகையாகப் பிரித்தது: உள்ளீடு-வெளியீடு, நிரல் பிழை, இயங்குதளத்தை அழைத்தல், வெளிச்சமிக்ஞை, வன்பொருள் கோளாறு. நுண்செயலிகளும் இதே வழியில் சென்றன. 1978இன் இன்டெல் 8086, 256 குறுக்கீடுகளுக்கான முகவரிகளை நினைவகத்தின் முதல் 1,024 பைட்டுகளில் வைத்துக்கொண்டது.

மிகுதியின் சிக்கல்

நொடிக்கு 10 மெகாபிட் வேக ஈதர்நெட் வலையமைப்பில், சிறு தரவுப் பொட்டலங்கள் நொடிக்கு 14,880 வரை வரக்கூடும். ஒரு கிகாபிட்டில் 14.88 லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கீடு என்றால், பொட்டலம் வந்ததைக் குறித்துக்கொள்வதிலேயே செயலியின் நேரம் தீர்ந்துவிடும். அதைப் பயனரின் நிரலிடம் சேர்க்க நேரமிருக்காது. இந்த முடக்கத்தை ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கித் தீர்வும் காட்டினர். லினக்ஸ் பிற்பாடு மேற்கொண்ட ‘நாபி’ முறையும் இவ்வழிப்பட்டது. முதல் பொட்டலம் வந்ததும் அக்கருவியின் குறுக்கீட்டை நிறுத்திவிட்டு, வரிசை காலியாகும்வரை இயங்குதளமே கேட்டுக் கேட்டு எடுத்துக்கொள்ளும். பிறகு குறுக்கீட்டை மறுபடி அனுமதிக்கும். எப்போதாவது நடக்கும் நிகழ்வுக்குக் குறுக்கீடும், ஓயாமல் நடப்பதற்குக் கேட்டறிதலும் சிக்கனமானவை என்பதே இன்றைய இயங்குதள வடிவமைப்பில் நிலைபெற்றுவிட்ட கொள்கை.