பூதவாதிகளின் உயிர்க்கணக்கு

நிலம், நீர், தீ, காற்று கூடியதே மனிதன். செத்தால் அவை பிரியும், மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று புத்தர் காலத்திலேயே அஜித கேசகம்பளர் போதித்தார். உணர்வு உடலின் விளைவே என்னும் இக்கொள்கை பின்னர் உலோகாயதம் எனப் பெயர் பெற்றது. பூதவாதம் அதன் நெருங்கிய கிளை.

இதைச் சோதித்தே பார்த்த ஒருவனைப் பாலி மொழித் தீக நிகாயம் காட்டுகிறது. கோசல நாட்டுச் சேதவ்யாவை ஆண்ட பாயாசி, கள்வன் ஒருவனை உயிரோடு சாடியில் அடைத்து, வாயை ஈரத்தோலால் மூடி, மண் பூசி, அடுப்பில் ஏற்றச் செய்தான். பிறகு சாடியை மெல்லத் திறந்து பார்த்தும் உயிர் வெளியேறுவதைக் காணவில்லை. இன்னொருவனை நிறுத்து, வில் நாணால் கழுத்தை நெரித்துக் கொன்று, மறுபடி நிறுத்தபோது எடை கூடியிருந்ததாம். காய்ச்சிய இரும்புக் குண்டு ஆறியதைவிட இலேசு, உயிருள்ள உடலும் அப்படித்தான் என்று பௌத்தத் துறவி குமார காசியபர் மடக்குகிறார். பௌதிகப்படி அது தவறு. சோதனை கொடூரமானது, கேள்வி மட்டும் பழையதாகவில்லை. 1907இல் வெளியான ஆய்வில் அமெரிக்க மருத்துவர் டங்கன் மக்டூகல், சாகக் கிடந்தவர்களைத் தராசில் ஏற்றித் தேடியதும் இதே எடையைத்தான்.

தமிழில் பூதவாதத்தின் குரல் மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் கேட்கிறது. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடினால் மதுவின் களிப்பு பிறப்பதுபோல், பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்கிறான் வஞ்சி நகரப் பூதவாதி. பூவில் போதை இல்லை, வெல்லத்திலும் இல்லை. கூட்டில் புதிதாக விளைகிறது. இது வெறும் ஏட்டு உவமை அன்று: அரிட்டம் என்னும் மருந்துகள் நொதிக்க ஆயுர்வேத மருத்துவர்கள் இன்றும் தாதகிப் பூ சேர்க்கிறார்கள். ஆனாலும் களிப்பை உணர, முன்பே உணர்வுள்ள ஒருவன் வேண்டுமே. உவமை இடறும் இடம் அதுதான். காப்பியத் தலைவி மணிமேகலை அதைத் தொடவில்லை. கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் செல்லாது என்றவனிடம், உன் தாய் தந்தையரை வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள்.

அத்வைத ஆசான் சங்கரரின் மறுப்பு வேறு வகை: பிணத்திலும் உடல் அப்படியே இருக்கிறது, உணர்வு மட்டும் ஏன் இல்லை? ஏதோ ஒரு கூட்டு போதாது, தக்க நிலையில் கூடிய கூட்டே வேண்டும் என்று உலோகாயதர் சொல்லியிருக்கலாம். அவர்கள் சூத்திரங்களோ முழுமையாகக் கிடைக்கவில்லை. எதிராளிகள் எடுத்துக்காட்டிய வரிகளே மிச்சம். தமிழில் அத்தகைய எதிர்ப்பு நூலான சமணக் காப்பியம் நீலகேசி தன் கடைசிச் சருக்கத்தைப் பூதவாதத்துக்கு ஒதுக்கியது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயங்களை வரிசையாக மறுத்தபோது, முதல் ஆளாக நிறுத்தியதும் உலோகாயதனைத்தான்.