சென்னைக் கடற்கரையின் ஆமை நடை

தை முதல் பங்குனி வரை சென்னையின் தென்கடற்கரையில் தன்னார்வலர்கள் இரவு முழுவதும் நடக்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயது. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளின் கூடுகளைத் தேடிக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்ப்பது இந்த நடையின் வேலை. வெயில் ஏறத் தொடங்கும்போது குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலுக்கு அனுப்புவதுடன் பருவம் முடியும்.

1970-களின் தொடக்கத்தில் இந்தியாவின் கடலாமைகளைப் பற்றி அறிவியலாளர்கள் அறிந்தது மிகக் குறைவு. ஒடிசாவின் கஹிர்மாதாவில் ஆமைகள் பெருங்கூட்டமாகக் கரையேறுவது அறிவியல் உலகுக்குத் தெரியவந்ததே 1974-இல்தான். சென்னைக் கரையில் அத்தகைய கூட்டம் இல்லை. ஆமைகள் தனித்தனியாக வந்து முட்டையிட்டுப் போகும். அந்த முட்டைகளை உணவுக்காகவும் விற்பனைக்காகவும் சிலர் தோண்டி எடுத்தனர்; எஞ்சியவற்றை நாய்களும் நரிகளும் தின்றன.

இந்த இழப்பைத் தடுக்க முதலில் முனைந்தவர்கள் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள். 1973–74 பருவத்தில் அவர்கள் இரவு நடையைத் தொடங்கி, சேகரித்த முட்டைகளுக்குப் பொரிப்பகமும் அமைத்தனர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் அந்தக் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றி, நாட்டின் கடலாமைகளைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைத் திரட்டியவர் அவர்.

அடுத்த பத்தாண்டுகளில் பொரிப்பகப் பணி பல கை மாறியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகள் அதை நடத்தியது. 1980-களில் தமிழ்நாடு வனத்துறை பொறுப்பேற்று, சில ஆண்டுகளில் நிறுத்திக்கொண்டது. அந்த இடைவெளியை நிரப்ப, 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு’ என்ற குழுவை உருவாக்கினர். பின்னர் கடலாமை ஆய்வாளராகப் பெயர் பெற்ற கார்த்திக் சங்கரும் அவர்களுள் ஒருவர். சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் தன்னார்வலர்களைக் கொண்டே இயங்கிய இக்குழுவில், படிப்பு முடிந்து மூத்தவர்கள் விலகும்போது புதியவர்கள் வந்து சேர்ந்தனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான சுமார் 7 கிலோமீட்டர் மணல்வெளி இவர்களது முதன்மைத் தடம். மெரினாப் பகுதி பின்னர் சேர்ந்தது.

நடையின் நுட்பங்களை மூத்தவர்களுடன் நடந்தே புதியவர்கள் கற்றுக்கொள்கின்றனர். டார்ச் வெளிச்சம் ஆமையை மிரட்டும் என்பதால் பெரும்பாலும் இருட்டிலேயே நடப்பார்கள். அலை விளிம்பிலிருந்து மேலேறி மீண்டும் கடலுக்கு இறங்கும் துடுப்புத் தடம் தென்பட்டால், அது திரும்பும் இடத்தில் மணல் கலைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே ஒரு குச்சியை மெல்ல ஊன்றுவார்கள். இறுகிய மணலில் தடைபடும் குச்சி, கூட்டின் மேல் மட்டும் சட்டென்று உள்ளே இறங்கும். அதன் பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், மேசைப்பந்து போன்ற நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட முட்டைகள் கிடைக்கும். அவற்றை எண்ணிப் பையிலிட்டு, குலுங்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். சில மணி நேரம் கடந்த முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு சிதையக்கூடும் என்பதால் தாமதம் கூடாது. பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழி தோண்டிப் புதைத்து, தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிவைப்பார்கள்.

குஞ்சு பொரிக்க 45 முதல் 55 நாள் வரை ஆகும். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். எனவே வெயில் ஏற ஏறப் பொரிப்பகத்துக்கு நிழல் தேவைப்படுகிறது. வெளிவந்த குஞ்சுகளைக் கையால் கடலில் விடுவதில்லை. மணலில் விட்டால் அவையே ஊர்ந்து அலையைச் சேரும்.

வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் நடையில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். நடை தொடங்கும் முன் ஆமையின் வாழ்க்கையையும் கடற்கரையின் சிக்கல்களையும் தன்னார்வலர்கள் விளக்குவார்கள். கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும் குஞ்சு விடுகையைக் காணப் பிள்ளைகளுடன் குடும்பங்கள் திரண்டன. 2002-இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, மீனவ இளைஞர்களைப் பயிற்றுவித்துத் தத்தம் ஊர்க் கரையைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே அளித்தது. வனத்துறையும் மீண்டும் பொரிப்பகங்களை நடத்தத் தொடங்கியது.

முட்டைத் திருட்டு பெருமளவு குறைந்தபின் வேறு ஆபத்துகள் முன்னுக்கு வந்தன. இரவில் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஊர்வது குஞ்சுகளின் இயல்பு. கரையோர விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன. அதனால் பருவ காலத்தில் விளக்குகளை அணைக்கக் கோருவதும் தன்னார்வலர்களின் வேலையாயிற்று. இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறக்கும் ஆமைகள் ஆண்டுதோறும் கரை ஒதுங்குகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பொரிப்பகம் முட்டையை மட்டுமே காக்கும். கடலில் நேரும் சாவைத் தடுக்க, கரையை ஒட்டிய பகுதியில் விசைப்படகுகளுக்குள்ள தடையை நிறைவேற்றுவதும், ஆமை தப்பிக்க வழியுள்ள வலைகளைப் பயன்படுத்துவதும் தேவை. நடையில் இறந்த ஆமைகளையும் எண்ணிப் பதிவு செய்வதால், அந்தக் கோரிக்கைகளுக்கு வேண்டிய சான்றும் தன்னார்வலர்களிடமிருந்தே கிடைக்கிறது.